நடு சீட் துபாஷி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டின் கூடத்தில் இருட்டு வரவழைக்கப்படும். வெளியே வெயில் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். ஜன்னல்களுக்குக் கனமான திரை, திரையின் ஓரத்தில் ஒழுகுகிற வெளிச்சத்துக்குப் பழைய போர்வை, கதவிடுக்குக்கு ஒரு கால்மிதி. இத்தனை ஏற்பாட்டையும் ஒற்றை ஆளாகச் செய்கிறவர், பம்ப் கம்பெனியில் பொது மேலாளர் (பொறுப்பு) என்ற பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த அடைப்புக்குறியை எடுத்துவிடும்படி தலைமையகத்துக்கு எழுதிப் பார்த்தார். நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவரை எடுத்தார்கள். அடைப்புக்குறி அடுத்து வந்தவருக்குப் போனது.

வாசல் பலகையில் மட்டும் அது கிடையாது. பலகை செய்கிறவனுக்கு அடைப்புக்குறியெல்லாம் எதற்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

நண்பர்களுக்கு அவர் மேலாளரும் இல்லை, பொறுப்பும் இல்லை. துபாஷி. கல்லூரியில் வைத்த பெயர்.

அந்தக் காலத்தில் கல்லூரிக்குப் பின்பக்கம் ஒரு தியேட்டர் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அங்கே வெளிநாட்டு உளவாளிப் படங்கள்தான் ஓடும். கோட்டுப் போட்டவர்களைக் கோட்டுப் போட்டவர்கள் துரத்துவார்கள். மலையுச்சியிலிருந்து கார் உருளும். உருண்டவன் அடுத்த காட்சியில் தலைகூடக் கலையாமல் விருந்தில் நிற்பான். எல்லாம் சரி, பேசுவது மட்டும் இங்கிலீஷ். அதுவும் வாயை மூடிக்கொண்டு பேசுகிற இங்கிலீஷ். பாடப்புத்தகத்தில் இருந்த இங்கிலீஷுக்கு அது ஒன்றுவிட்ட சித்தப்பா முறைகூட ஆகாது.

நான்கு பேர் சேர்ந்து போவார்கள். நால்வரில் இங்கிலீஷ் தெரிந்தவர் என்று கருதப்பட்டவர் ஒருவர்தான், ஏனென்றால் அவர் கான்வென்ட்டில் படித்தவர். அது உண்மை. மூன்றாம் வகுப்புவரை படித்தார். பிறகு அப்பாவுக்கு மாற்றலாகி, கான்வென்ட் அந்த ஊரிலேயே நின்றுவிட்டது. இந்தப் பின்பாதியை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகவே நடு சீட்டும், மொழிபெயர்த்துச் சொல்கிறவன் என்கிற துபாஷிப் பட்டமும் அவருக்கு. இந்தப் பக்கம் இரண்டு காது, அந்தப் பக்கம் ஒரு காது. திரையில் பேசப் பேச, அவர் கிசுகிசுப்பாகத் தமிழில் சொல்ல வேண்டும். முதல் படத்தில் அவருக்குப் புரிந்தது 'யெஸ்', 'நோ', 'கெட் அவுட்'. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு முழுப் படத்தைக் கட்டி எழுப்பினார். யாராவது குரலைத் தாழ்த்தினால், "நம்ம ஆளுங்கள்லயே ஒருத்தன் துரோகி"ங்கிறான் என்பார். அந்த மாதிரிப் படங்களில் எப்படியும் ஒரு துரோகி இருப்பானாகையால் பாதி நேரம் அது சரியாகவும் போய்விடும். ஒரு பெண் அழுதால், "என் தங்கச்சியைக் கொன்னது நீதான்"ங்கிறா என்பார். அவர் மொழிபெயர்த்த படங்களில் எல்லாப் பெண்களுக்கும் செத்துப்போன தங்கை ஒருத்தி இருந்தாள்.

பின்வரிசைக்காரர்கள்கூட முன்னால் சாய்ந்து கேட்பார்கள்.

அப்புறம் அந்தப் படம் வந்தது. கடைசிக் காட்சி ஒரு ரயில் நிலையம். பனி. தொப்பி வைத்த கிழட்டுத் தலைவர், அவர் எதிரில் நம் உளவாளி, இருவருக்கும் நடுவே தரையில் ஒரு பெட்டி. ரயில் ஊதுகிறது. தலைவர் குனிந்து உளவாளியின் காதில் ஏதோ சொல்கிறார். அவன் பெட்டியைப் பார்க்கிறான், தலைவரைப் பார்க்கிறான், பெட்டியை எடுத்துக்கொண்டு பனிக்குள் தனியாக நடந்து போகிறான். அவ்வளவுதான் படம்.

மூன்று பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். என்ன சொன்னான் என்று தெரிந்தாக வேண்டும். துபாஷிக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"நாட்டுக்காக உயிரை விடறவன் பெரிய ஆள் இல்லை. நாட்டுக்காகத் தனியா இருக்கிறானே, அவன்தான் பெரிய ஆள்."

பின்வரிசையில் ஒருவன் கை தட்டினான். வலது பக்கக் காதுக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துபாஷிக்கே உடம்பு சிலிர்த்தது, தானே சொன்னதென்பது ஒரு கணம் மறந்து.

அதற்குப் பிறகு அந்த வசனம் அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை. கல்லூரிப் பிரிவு விழாவில் சொன்னார். வேலைக்கான நேர்முகத்தில் சொன்னார். பம்ப் கம்பெனியின் பாதுகாப்பு வார விழாவில் நாட்டை எடுத்துவிட்டு நிறுவனத்தைப் போட்டுச் சொன்னார். மச்சினி கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தி, தனியாக இருப்பதன் பெருமையை எடுத்துச் சொன்னார். ஓய்வு பெற்றபோது அழைப்பிதழில் அச்சடித்தே கொடுத்தார்கள்.

கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், அவர் மனைவியைத் தவிர.

மனைவிக்கு டெலிபோன் எக்சேஞ்சில் வேலை. வெளியூர், வெளிநாட்டு டிரங்க் கால்களை இணைத்துக் கொடுக்கிற பிரிவு. நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை. கல்யாணமான புதிதில், முதல் மாற்றலுக்காகக் கிளம்பி இருவரும் பிளாட்பாரத்தில் நின்றபோது அவர் அந்தப் படத்தின் கதையைச் சொன்னார். தங்கச்சி செத்தது, துரோகி, எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் குரலைத் தாழ்த்தி வசனத்தைச் சொன்னார். அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"சரி, பெட்டியை நானே தூக்கிக்கறேன்" என்றாள். தூக்கியும் கொண்டாள்.

பணிவான பெண் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறமும் அவர் எப்போது அந்த வசனத்தைச் சொன்னாலும் அவளிடமிருந்து அதே பதில்தான். சாப்பிடும்போது சொன்னால், தட்டை நகர்த்திக்கொண்டே, "சரி, பெட்டியை நானே தூக்கிக்கறேன்." கல்யாண மண்டபத்தில் மைக்கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் காதோரமாக, "சரி, பெட்டியை நானே தூக்கிக்கறேன்." பெட்டியும் இருக்காது, ஒன்றும் இருக்காது. ஓய்வு விழா முடிந்து காரில் வரும்போது, மாலையை மடியில் வைத்துக்கொண்டு, "முதுகு இப்போ எப்படி இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"முதுகுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"அதான் கேட்டேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாவம், வருஷக்கணக்காகக் கருவி மாட்டிக் காது மந்தமாகிவிட்டது என்று அவர் முடிவுக்கு வந்தார். தத்துவமெல்லாம் அந்தக் காதுக்குள் முழுசாகப் போய்ச் சேர்வதில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது மனைவி ஒத்தாசைக்குக் கிளம்பினாள். ரயிலில் போகிற தூரம். வாசலில் வண்டி நின்றது. அவர் படியில் நின்றபடி, என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் இருந்துகொள்வேன் என்று ஆரம்பித்து, பழக்கதோஷத்தில் வசனத்துக்கே போய்விட்டார். அவள் முழுவதையும் கேட்டாள். "சரி, பெட்டியை நானே தூக்கிக்கறேன்" என்றாள். வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து பிடித்தார். துபாஷி படியை விட்டு இறங்கவில்லை.

பேரப்பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, இப்போது ஓடுகிறது. அவள் வரவில்லை. எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை, வரமாட்டேன் என்று அவளும் சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "ஆச்சு." அதோடு ஃபோன் முடியும். கேட்பவர்களிடம், "மகளுக்கு ஒத்தாசையா இருக்கா, அடுத்த மாசம் வந்துடுவா" என்று சொல்லி வைத்திருக்கிறார். அடுத்த மாசம் என்பது எல்லா மாசத்துக்கும் பொருந்துகிற சொல்.

அப்போதுதான் பெரிய டிவி வாங்கினார். பழைய படங்களைத் தேடிப் பிடித்தார். கல்லூரி நண்பர்களைக் கூட்டினார். 'ஞாயிறு நடவடிக்கை' என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் எழுந்து நின்று சிறு தலைமையுரை. வாசலில் மணி அடித்தால் உள்ளேயிருந்து, "யாரு?" என்பார். வெளியே நிற்பவர், "பனி கொட்டுது" என்று சொன்னால்தான் கதவு திறக்கும்.

தொடக்கத்தில் சொன்னார்கள். இப்போதெல்லாம், "நான்தான்டா, தொறந்து தொலை, மண்டை காயுது" என்கிறார்கள்.

வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏஜெண்ட். படங்களைப் பார்த்துப் பார்த்துத் தானும் ஏஜெண்ட் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஆகிவிட்டார், இன்ஷூரன்ஸில். இன்னொருவர் ஒல்லி. பெயர் வைத்தபோது ஒல்லிதான். இப்போது மெத்தைக் கடை வைத்திருக்கிறார். சரக்கின் தரத்துக்குத் தானே விளம்பரம் மாதிரி, உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார். மூன்றாமவர் ரேடியோ. அந்தக் காலத்தில் வாயே மூடாதவர். மகன் வீட்டோடு தூரமாகப் போய்விட்டார். வீடியோ காலில் வருவார். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த ஃபோனில் அவர் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தத்தை எப்படித் திறப்பதென்று அவருக்குத் தெரியாது. ரேடியோ இப்போது ஊமை.

நடவடிக்கைக்கு ஒரே விதி, படத்தின் அடியில் எழுத்து ஓடக்கூடாது. "எழுத்து ஓடினா கண்ணு அங்கதான்டா போகும். நடிப்பு போச்சு, கலை போச்சு" என்பார் துபாஷி. ரிமோட் அவர் தொடைக்கு அடியில். படம் ஓட, அவர் நடுவில் உட்கார்ந்து இன்னும் கிசுகிசுப்பார். கூடத்தில் வேறு யாருமில்லை, கிசுகிசுக்கத் தேவையே இல்லை. ஆனால் உரக்கச் சொன்னால் பொய் மாதிரித் தெரியும்.

அந்த ரயில் நிலையப் படத்தை மட்டும் அவர் போட்டதில்லை. "அது எங்கயும் கிடைக்காதுடா, பிலிமே எரிஞ்சு போச்சாம்" என்று சொல்லி வந்தார். வாழ்க்கையில் ஒரே தடவை பார்த்த படம் அது. தலைவர் உண்மையில் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையும் இல்லை, துணிச்சலும் இல்லை.

ஒரு ஞாயிறு, கிளம்பும்போது ஒல்லி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எரியலையாம்டா. எங்க மாப்பிள்ளை பிடிச்சுட்டான். புதுசாத் துடைச்சுக் கழுவி வச்சிருக்காங்களாம். அடுத்த வாரம் கொண்டாறேன்."

"எது?"

"உன் படம்டா. வசனப் படம்."

"ஓ" என்றார் துபாஷி. "எழுத்து இல்லாம வருதா?"

"தமிழ் எழுத்து படத்தோடயே ஒட்டிக் கிடக்குதாம். எடுக்க வராதாம். ஒருநாள்தானடா, சகிச்சுக்க."

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். டிவி ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். சொல்வதற்கு என்ன, கற்பனைக்கா பஞ்சம்? ஆனால் அந்த வீட்டில் மற்ற நாட்களில் அவரோடு பேசுவது தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றுதான். 'வடிகட்டியை மாற்றவும்' என்று சொல்லும். மாற்றின பிறகும் சொல்லும். ஒரு ஞாயிறை நிறுத்தினால், நிறுத்துவது எவ்வளவு சுலபம் என்று அவர்களுக்குத் தெரிந்துபோகும். ஏஜெண்டுக்கு வாடிக்கையாளர் இருக்கிறார்கள், ஒல்லிக்குக் கடை இருக்கிறது. அவருக்கு நடு சீட்தான் இருக்கிறது. படத்தைப் போட்டால் மானம் போகும், போடாவிட்டால் ஆள் போகும். மானத்தையே விடலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் தீர்மானித்தார்.

ஞாயிறு. இருட்டு வரவழைக்கப்பட்டது. தலைமையுரை ரத்து.

"என்னடா இன்னைக்குப் பிரசங்கம் இல்லையா?" என்றார் ஏஜெண்ட். "உடம்பு சரியில்லையா?"

"படமே பேசும்" என்றார் துபாஷி.

படம் ஆரம்பித்தது. கழுவித் துடைத்த படத்தில் பனி பளீரென்று இருந்தது. அடியில் வெள்ளை எழுத்து, தெருவிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிசாக.

ஹோட்டல் காட்சி வந்தது. பச்சைக் கோட்டுப் பெண் உளவாளியின் முன்னால் நின்று அழுகிறாள். இதுதான் தங்கச்சி இறந்த இடம். அடியில் எழுத்து ஓடியது: 'மூன்று நாளாக வெந்நீர் வரவில்லை. உங்கள் மேலாளரைக் கூப்பிடுங்கள்.'

துபாஷி மூச்சைப் பிடித்துக்கொண்டார். இதோ, இப்போது திரும்புவார்கள்.

இடது பக்கத்திலிருந்து மெல்லிய குறட்டை வந்தது. ஒல்லி வாயைத் திறந்தபடி தலையைச் சாய்த்திருந்தார். ஏஜெண்ட் ஃபோனில் தாழ்ந்த குரலில், "இல்ல சார், நீங்க இறந்துட்டா நீங்க வரவேண்டியதில்லை, வீட்டுல யாராவது வந்தாப் போதும்" என்று ஒருவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டிலில் சாய்ந்த ஃபோனில் மின்விசிறி சுற்றியது.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அடுத்த காட்சியில் துரோகி என்று அவர் அடையாளம் காட்டியிருந்தவன், எழுத்தின்படி உளவாளிக்கு வழி சொல்லும் தபால்காரனாக இருந்தான். அதற்கும் யாரும் திரும்பவில்லை. அதற்கடுத்த காட்சி. அதற்கும் இல்லை. எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வரியும் அவரைக் கையும் களவுமாகப் பிடித்துத் தெருவில் நிறுத்தியது. தெருவில் ஆள் இல்லை.

நிம்மதி கொஞ்சம் கொஞ்சமாகப் புளிக்க ஆரம்பித்தது. உளவாளிப் படம் எத்தனையோ பார்த்திருக்கிறார். அடிபட்டவன், மாட்டிக்கொண்டவன், கட்சி மாறியவன் எல்லாரையும் பார்த்திருக்கிறார். பின்தொடர ஒரு ஆள்கூட இல்லாத உளவாளியை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அப்படி ஒருவன் இருந்தால் அவனை வைத்து யாரும் படம் எடுக்கமாட்டார்கள்.

ஏஜெண்டின் முழங்கையை இடித்தார். "டேய், படத்தைப் பாருடா."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றார் ஏஜெண்ட், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல். "தங்கச்சியைக் கொன்னுட்டான். அதானே?"

"எழுத்தைப் படிச்சுப் பாரேன்."

"கண்ணாடி கொண்டாரலைடா. நீதான் இருக்கியே, சொல்லு."

"நான் சொல்றதும் எழுத்துல வர்றதும் வேறவேறயா இருக்கு."

"அப்போ எழுத்து போட்டவனுக்கு இங்கிலீஷ் தெரியல" என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் மறுபடி ஃபோனுக்குள் போனார். "ஆமா சார், சொல்லுங்க சார், வாரிசு பேரு மட்டும் மாத்தணுமா?"

துபாஷி ஒல்லியின் தொடையைத் தட்டினார். ஒல்லி கண் திறக்காமலேயே, "நல்ல சீன்டா" என்று முனகிவிட்டு மறுபக்கம் சாய்ந்தார்.

கடைசிக் காட்சி. ரயில் நிலையம். பனி. தொப்பி. பெட்டி. ரயில் ஊதியது. தலைவர் குனிந்தார்.

எழுத்து வந்தது.

'பெட்டியை நீயே தூக்கிக்கொள். எனக்கு முதுகு வலிக்கிறது.'

உளவாளி பெட்டியைப் பார்த்தான். தலைவரைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு நடந்தான்.

துபாஷி ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் ஓட்டினார். தலைவர் மறுபடி குனிந்தார், மறுபடி முதுகு வலித்தது. அவர் படத்தை அப்படியே நிறுத்தினார். வெள்ளை எழுத்து கூடத்துக்கு வெளிச்சமாக நின்றது. அதற்குள் அவருக்குப் பிளாட்பாரம், சாப்பாட்டு மேஜை, கல்யாண மண்டபம், மாலை வாசனை அடித்த கார், வாசல்படி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒரு உதடு அசைந்துகொண்டிருந்தது.

சத்தம் நின்றதும் ஒல்லி விழித்துக்கொண்டார். குறட்டைக்காரர்களுக்கு நிசப்தம்தான் அலாரம். "முடிஞ்சுதா? வசனம் வந்துடுச்சா?"

"அதுக்குள்ளயா?" என்றார் ஏஜெண்ட், ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே. "டேய், சொல்லுடா. அதைக் கேக்கத்தானே வந்தோம்."

எங்கே விரல் பட்டதோ, பாட்டிலில் சாய்ந்திருந்த ஃபோனும் அப்போது உயிர் பெற்றது. மின்விசிறிக்கு அடியிலிருந்து கிழட்டுக் குரல் ஒன்று, "துபாஷி! கேக்குதா? அந்த வசனத்தைச் சொல்லுடா! கண்ணுல தண்ணி வர வச்சியே அன்னைக்கு!" என்றது.

துபாஷி திரையைப் பார்த்தார். "பெட்டியை நீயே தூக்கிக்கோ. எனக்கு முதுகு வலிக்குது" என்றார்.

ஏஜெண்ட் சிரித்தார், ஒல்லி மெத்தை குலுங்குகிற மாதிரி சிரித்தார்.

"முதுகு வலியா? அப்பவே சொல்லக் கூடாதா?" என்றார் ஒல்லி. "அந்தச் சோபாவைத் தூக்கிப் போடு முதல்ல. கடைக்கு வா, கெட்டியா ஒண்ணு தர்றேன்."

"தைலம் தேய்ச்சுட்டுப் படு" என்றார் ஏஜெண்ட். "அக்கா இருந்திருந்தா தேய்ச்சு விட்டிருக்கும். எப்போ வருது அக்கா?"

"அடுத்த மாசம்."

"ம்" என்றார் ஏஜெண்ட். ரேடியோ, "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தம் மறுபடி போய்விட்டது.

வாசலில் ஏஜெண்டுக்கு அடுத்த ஞாயிறு ஒரு விசேஷம் இருப்பது நினைவுக்கு வந்தது. ஒல்லிக்குக் கடையில் சரக்கு இறங்கும். "அதுக்கடுத்த வாரம் பார்ப்போம்டா" என்றார்கள். ஒல்லி தோளில் தட்டி, "முதுகைப் பார்த்துக்க" என்றார். கதவைத் திறந்ததும் வெயில் உள்ளே வந்து கால்மிதிமேல் விழுந்தது.

அவர் கூடத்துக்குத் திரும்பி வந்து, உட்காராமல் நின்றபடியே ஃபோன் செய்தார்.

"என்னங்க இந்த நேரத்துல?" என்றாள் மனைவி. பின்னால் குழந்தையின் சத்தம். "இன்னைக்குப் படம் இல்லையா?"

"போட்டோம். அந்த ஸ்டேஷன் படம்."

குழந்தைச் சத்தம் கொஞ்சம் விலகிப் போனது. அவள் வேறு அறைக்கு நடந்திருக்க வேண்டும்.

"எழுத்தோடயா?" என்று கேட்டாள்.

"எழுத்தோட."

முதலில் ஒரு மூச்சுதான் கேட்டது. பிறகு சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல், வாயில் துணியை வைத்துக்கொண்டும் முடியாமல், வருஷக்கணக்காகக் கட்டி வைத்த சிரிப்பு. அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியேங்க. எக்சேஞ்ச்ல நாங்க பொண்ணுங்க எல்லாம் சேர்ந்து போய்ப் பார்த்தோம். அந்தத் தொப்பிக்காரன் முனகினதை நாங்க அவன் மாதிரியே ஷிப்ட்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். யாராவது வேலையை அடுத்தவ தலையில கட்டினா, பெட்டியை நீயே தூக்கிக்கோன்னு சொல்வோம். அப்புறம் நீங்க பிளாட்பாரத்துல நின்னு மூஞ்சியை அப்படி வச்சுக்கிட்டு…" மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே."

சிரிப்பு மெல்ல இறங்கியது.

"சொல்லிட்டேதானங்க இருந்தேன்" என்றாள்.

டிவியில் தலைவர் இன்னும் குனிந்தே நின்றார். கையிலிருந்த ரிமோட்டில் ஏதோ பட்டன் அழுந்திப் படம் நகர, உளவாளி பெட்டியோடு பனிக்குள் போனான். எழுத்துகள் மேலே ஏறின.

"நான் வேணும்னா வந்து…" என்றார். "அந்தப் பெட்டியை நான் தூக்கிட்டு வரட்டுமா?"

"எந்தப் பெட்டி?"

"நீ கொண்டுபோன பெட்டி."

"அதுவா? அதுல இப்போ பாப்பாவோட பொம்மைங்கதாங்க கிடக்குது. என் துணியெல்லாம் அலமாரிக்குப் போயி ரொம்ப நாளாச்சு." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்திருக்கும். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆச்சு."

"வைக்கட்டுமா? அடுப்புல பால் இருக்கு."

ஃபோன் அணைந்தது. அவர் படுக்கையறைக்குப் போனார். அலமாரிக்கு மேலே அவருடைய பெட்டி இருந்தது, கம்பெனி சுற்றுப்பயணங்களுக்கு டிரைவர் தூக்கிவந்த பெட்டி. கைப்பிடியில் கட்டியிருந்த அட்டையில் பொது மேலாளர் என்றும், பக்கத்தில் அடைப்புக்குறியும் இருந்தன. எங்கே போவதென்று முடிவு செய்யவில்லை. யாரும் வா என்று சொல்லவுமில்லை. முக்காலியைப் போட்டு ஏறி, எக்கி இழுத்து இறக்கினார். காலிப் பெட்டிதான். காலிப் பெட்டிக்கே முதுகில் சுளீரென்று பிடித்தது.

"ஐயோ" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மெல்லக் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டார். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. கூடத்தில் டிவி தன்பாட்டுக்குப் படத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது. யாரோ யாரையோ துரத்தினார்கள். கதவு சாத்திக்கொண்டது. பச்சைக் கோட்டுப் பெண் அழ ஆரம்பித்தாள். அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து குரல் மட்டும் கேட்டது. தலையைச் சாய்த்துக் கூர்ந்து கேட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை.